ஏ போன பிறகுதான் சி வரும்: பாக்டீரியா தன் டிஎன்ஏவைச் சரிசெய்யும் விதம்

பாக்டீரியாவின் டிஎன்ஏ பழுதுபார்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் "யுவிஆர்-ஏபிசி" என்று மூன்று எழுத்துகளையும் ஒட்டியே எழுதுவார்கள். அதைப் படித்ததும் மனதில் ஒரு படம் வரும். ஏ, பி, சி என்ற மூன்று புரதங்கள் ஒன்றாகப் பூட்டப்பட்ட ஒரு குட்டி இயந்திரம். அது டிஎன்ஏ மேல் ஊர்ந்து போய், கெட்டுப்போன இடத்தைக் கண்டதும் வெட்டி எறிகிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்று வட்டங்களை ஒட்டி வரைந்து, கீழே பெயரும் எழுதி வைத்திருந்தேன்.

அந்தப் படம் தப்பு. கெட்டுப்போன இடத்தில் ஏவும் சியும் ஒன்றாக உட்காருவதே இல்லை. ஏ கிளம்பிப் போன பிறகுதான் சி வருகிறது.

இது சின்னத் திருத்தம் போலத் தெரியலாம். ஆனால் "புரதங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன" என்று எல்லோரும் போகிறபோக்கில் சொல்கிறோமே, அந்தச் "சேர்ந்து" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது இந்த இடத்தில்தான் பிடிபடும்.

சேதம் வேறு, பிழை வேறு

டிஎன்ஏ என்பது இரண்டு இழைகள் முறுக்கிய ஏணி. ஒவ்வோர் இழையிலும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஓர் இழையில் ஏ இருந்தால் எதிரில் டி, ஜி இருந்தால் எதிரில் சி. (எழுத்து ஏவையும் மேலே சொன்ன புரதம் ஏவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் வைத்தவர்கள் நம்மைப் பற்றிக் கவலைப்படவில்லை.) ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்பட்ட ஈ. கோலி பாக்டீரியாவில் இப்படி சுமார் 46 லட்சம் ஜோடிகள் உள்ளன. அந்த ஏணியை நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அது சுருண்டு கிடக்கும் செல்லின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான்.

இதில் மூன்று விதமான கோளாறுகள் வரலாம். மூன்றையும் ஒன்றாகப் பேசுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கையெழுத்துப் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லின் மேல் மை கொட்டிவிட்டால் அது சேதம்; அங்கே எழுத்தே இல்லை, கறைதான் இருக்கிறது. பார்த்து எழுதியவர் "மரம்" என்பதை "மறம்" என்று எழுதிவிட்டால் அது பிழை. எழுத்துகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன, மூலத்தோடுதான் ஒத்துப்போகவில்லை. அந்தப் பிழையான பிரதியைப் பார்த்து இன்னொரு பிரதி எடுத்துவிட்டால்? இரண்டிலும் "மறம்" என்றே இருக்கும். இப்போது ஒப்பிட்டுப் பார்த்தாலும் தப்பு தெரியாது. இதுதான் திடீர்மாற்றம்.

புற ஊதாக் கதிர் பட்டால் திடீர்மாற்றம் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். கதிர் நேரடியாகச் செய்வது சேதத்தை. ஓர் இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஏணி அந்த இடத்தில் கோணுகிறது. டிஎன்ஏவை நகலெடுக்கும் புரதம் அங்கே வந்து திணறி நிற்கிறது. சேதம் திடீர்மாற்றமாக மாறுவதற்கு முன் அதைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடைவேளையைப் பற்றியது.

சரிசெய்ய முடிவதற்குக் காரணம் எளிது. ஓர் இழையில் போனது எதிர் இழையில் பத்திரமாக இருக்கிறது. கெட்ட துண்டை எடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து மறுபடி எழுதினால் போதும்.

புரதத்துக்குக் கண் கிடையாது

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, மடங்கி ஒரு குறிப்பிட்ட வடிவம் எடுத்தது. வேதிவினையைச் செய்து தரும் புரதத்தை நொதி என்கிறோம். "புரதம் தேடுகிறது", "கண்டுபிடிக்கிறது" என்றெல்லாம் நானும் எழுதப் போகிறேன்; வேறு வழியில்லை. ஆனால் உண்மையில் அங்கே தேடுவோர் யாரும் இல்லை. நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடித்துத் தள்ள, புரதம் தள்ளாடிப் போய் டிஎன்ஏ மேல் விழுகிறது, சற்று வழுக்குகிறது, கழன்று போகிறது, மறுபடி வேறிடத்தில் விழுகிறது.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூலை விரல்களுக்கு இடையில் ஓடவிட்டுப் பாருங்கள். முடிச்சு வரும் இடத்தில் விரல் தானாக நிற்கும். புரதமும் அப்படித்தான் நிற்கிறது. சாதாரண டிஎன்ஏ மேல் விழுந்தால் சீக்கிரம் கழன்றுவிடும். கோணலான இடத்தில் விழுந்தால் சற்று அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். "கண்டுபிடிப்பு" என்பது இந்தச் சற்று அதிக நேரம்தான்.

ஏ, பி, சி: ஒருவர் பின் ஒருவராக

முதலில் வருவது யுவிஆர்-ஏ, இரண்டிரண்டாகச் சேர்ந்த ஜோடியாக. யுவிஆர்-பியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. கோணலான இடத்தில் ஏ தடுமாறி நிற்கிறது. அதன் வேலை இடத்தைக் காட்டுவது, பியை அங்கே இறக்கிவிடுவது, அவ்வளவுதான்.

பியின் உடலில் கொண்டை ஊசி போல நீட்டிய ஒரு பகுதி உண்டு. அதை இரண்டு இழைகளுக்கும் நடுவே நுழைத்து, ஏணியைச் சற்றுப் பிரித்து, உண்மையிலேயே அங்கே ஏதாவது கெட்டிருக்கிறதா என்று சோதிக்கிறது. கெட்டிருந்தால் பி அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதற்குள் ஏ விலகிப் போய்விடுகிறது. அது விலகினால்தான் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும்.

இப்போது யுவிஆர்-சி வருகிறது. வெறும் டிஎன்ஏ மேல் அதற்கு வேலை இல்லை. கெட்ட இடத்தில் இறுகி உட்கார்ந்திருக்கும் பியோடுதான் அது பொருந்தும். சியிடம் இரண்டு வெட்டும் முனைகள் இருக்கின்றன. எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இணைப்புகளைக் கெட்ட எழுத்துகளிலிருந்து எண்ணினால், ஒன்று 4ஆவது அல்லது 5ஆவது இணைப்பில் வெட்டும், இன்னொன்று மறுபக்கம் 8ஆவது இணைப்பில் வெட்டும். இரண்டு வெட்டும் விழுவது ஒரே இழையில். எதிர் இழையில் கத்தி படுவதில்லை, படவும் கூடாது; அதுதானே மூலப்பிரதி. இப்படி இரு பக்கமும் வெட்டு விழுகிறது என்பதை 1983ஆம் ஆண்டு அசிஸ் சன்ஜாரும் டீன் ரப்பும் காட்டினார்கள். வெளியே வரும் துண்டின் நீளம் 12 அல்லது 13 எழுத்துகள்.

வெட்டியதும் துண்டு தானாக விழுந்துவிடாது. எதிர் இழையோடு ஜோடி போட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கும். யுவிஆர்-டி என்ற நான்காவது புரதம் வந்து இழைகளைப் பிரித்து, துண்டையும் சியையும் வெளியேற்றுகிறது. அதன் பிறகு பாலிமரேஸ் 1, அதாவது எதிர் இழையைப் பார்த்து எழுத்துகளைக் கோக்கும் நொதி, பள்ளத்தை நிரப்புகிறது. நிரப்பும்போதே பியையும் நகர்த்திவிடுகிறது. கடைசியில் லைகேஸ் என்ற நொதி, புதுத் துண்டின் முனைக்கும் பழைய இழைக்கும் நடுவே உள்ள வெட்டை ஒட்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: யுவிஆர்-டியும் பாலிமரேஸும் வராவிட்டால் பியும் சியும் அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த சேதத்துக்குப் போக முடியாது. வேலையின் வால் பகுதிதான் தலைப் பகுதியை விடுவிக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஏ இடத்தைக் காட்டுகிறது, பி சோதித்து உறுதி செய்கிறது, சி வெட்டுகிறது, டி துண்டை எடுக்கிறது, பாலிமரேஸ் எழுதுகிறது, லைகேஸ் ஒட்டுகிறது. ஒருவர் விட்டுச்செல்லும் வடிவத்தில்தான் அடுத்தவர் பொருந்த முடியும். அதனால்தான் ஆணையிட ஆள் இல்லாமலே வரிசை தவறுவதில்லை.

ஒரே புரதம் செய்தால் என்ன?

நியாயமான கேள்வி. செய்கிற புரதமும் ஒன்று உண்டு. ஃபோட்டோலையேஸ் என்பது அதன் பெயர். ஒட்டிக்கொண்ட டி ஜோடியின் மேல் அது உட்காரும். நீல ஒளி பட்டதும் அந்த ஒட்டை நேராக விடுவித்துவிடும். வெட்டு இல்லை, பள்ளம் இல்லை, நிரப்பல் இல்லை. புற ஊதாக் கதிரால் செத்துவிட வேண்டிய நுண்ணுயிரிகள் வெளிச்சத்தில் வைத்தால் பிழைத்துக்கொள்கின்றன என்று 1949ஆம் ஆண்டு ஆல்பர்ட் கெல்னர் கவனித்தது இதன் விளைவைத்தான்.

ஆனால் ஃபோட்டோலையேஸுக்குத் தெரிந்தது அந்த ஒரு வகை ஒட்டு மட்டும். யுவிஆர் வரிசையோ ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத பலவகைச் சேதங்களைக் கையாள்கிறது. அதனால் அது ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பார்ப்பதில்லை. "இங்கே ஏதோ சரியில்லை" என்பதைத்தான் பார்க்கிறது. இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பார்த்தால் நல்ல இடத்தையும் சந்தேகப்படுவது நிச்சயம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு புரதம் ஆயிரம் நல்ல எழுத்துகளில் ஒன்றைத் தவறாகச் சந்தேகிக்கிறது என்று வையுங்கள். இரண்டு இழைகளிலுமாக 92 லட்சம் எழுத்துகள். 9,200 இடங்களில் தேவையில்லாமல் வெட்டு விழும். அதுவே பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதே அளவு தவறு செய்யும் இரண்டாவது புரதம் ஒன்று தனியாக, வேறு விதமாகச் சோதித்தால், இரண்டும் ஒரே இடத்தில் ஏமாறுவது பத்து லட்சத்தில் ஒரு முறை. 92 லட்சத்தில் ஒன்பது இடங்கள்தான். இந்த எண்கள் அளந்தவை அல்ல, நான் வைத்துக்கொண்டவை. ஆனாலும் காரணம் இதுதான். சந்தேகப்படுவது ஒருவர், உறுதி செய்வது இன்னொருவர், கத்தி மூன்றாமவர் கையில்.

ஏவும் பியும் ஏடிபி என்ற மூலக்கூறை உடைத்துச் செலவழிக்கின்றன. அது செல்லின் ஆற்றல் நாணயம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இங்கே அதன் பயன் பலம் கொடுப்பது மட்டுமில்லை. ஏடிபி உடைந்த பிறகு வந்த வழியே திரும்ப முடியாது. ஒரே பக்கம் திறக்கும் கதவு போல, வேலை முன்னோக்கி மட்டும் போகிறது.

கண்டுபிடிப்பில் இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது. மரபணுவைப் படித்துக்கொண்டு போகும் நொதி சேதத்தில் முட்டி நின்றுவிட்டால், எம்எஃப்டி என்ற புரதம் அதைப் பிடித்துத் தள்ளி இறக்கிவிட்டு, யுவிஆர்-ஏவை அந்த இடத்துக்கே இழுத்து வருகிறது. அடிக்கடி படிக்கப்படும் மரபணுக்கள் அதனால் சீக்கிரம் சரியாகின்றன.

இரண்டும் நல்ல எழுத்து, யார் குற்றவாளி?

இனி பிழைக்கு வருவோம். ஈ. கோலியின் நகலெடுக்கும் நொதி நொடிக்கு சுமார் 1,000 எழுத்து வேகத்தில் ஓடுகிறது. ஏறக்குறைய லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தப்பு செய்யும். எழுதியதை உடனே தானே சரிபார்ப்பதால் அது கோடிக்கு ஒன்று என்று குறையும். அதையும் தாண்டித் தப்பிக்கும் பிழைகளைப் பிடிப்பது தனி அணி. அதன் பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய 100 கோடிக்கு ஒன்று.

இந்த அணியின் சிக்கல் சுவையானது. ஏவுக்கு எதிரில் சி வந்துவிட்டது என்று வையுங்கள். ஏவும் நல்ல எழுத்து, சியும் நல்ல எழுத்து. கறை எதுவும் இல்லை. எதை மாற்றுவது? தப்பான பக்கத்தை மாற்றினால் பிழையைத் திருத்துவதற்குப் பதில் நிலைநிறுத்தியது போல ஆகிவிடும். பழைய இழை எது, புது இழை எது என்று தெரிய வேண்டும்.

ஈ. கோலியிடம் இதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. ஜி-ஏ-டி-சி என்று நான்கெழுத்து வரும் இடமெல்லாம், அதிலுள்ள ஏவின் மேல் டாம் என்ற நொதி ஒரு சிறு வேதிப் பொட்டு வைக்கும். அப்படிப்பட்ட இடங்கள் சுமார் 19,000. பொட்டு வைக்கும் வேலை நகலெடுப்பைவிடச் சற்றுப் பின்தங்கியே நடக்கும். ஆகவே புதிதாகப் பிறந்த இழையில் கொஞ்ச நேரம் பொட்டு இருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

மியூட்-எஸ் என்ற புரதம் பொருந்தாத ஜோடியைக் கண்டு, ஏடிபியைப் பிடித்ததும் வடிவம் மாறி, டிஎன்ஏவைச் சுற்றிய வளையம் போல நகரத் தொடங்குகிறது. மியூட்-எல் அதோடு சேர்கிறது. இருவரும் போய் மியூட்-ஹெச்சை உசுப்பிவிட, அது அருகிலுள்ள ஜி-ஏ-டி-சியில் பொட்டில்லாத இழையை மட்டும் வெட்டுகிறது. அப்புறம் யார் வருகிறார் தெரியுமா? நமக்குப் பழக்கமான யுவிஆர்-டி. அங்கே துண்டை எடுத்த அதே ஆள் இங்கே வெட்டிலிருந்து பிழை வரைக்கும் இழையைப் பிரிக்கிறது. பிரிந்த இழையை வேறு நொதிகள் அழிக்கின்றன, நகலெடுக்கும் நொதி புதிதாக எழுதுகிறது, லைகேஸ் ஒட்டுகிறது. வெட்டு நூற்றுக்கணக்கான எழுத்துகள் தள்ளிக்கூட இருக்கலாம். ஒரே ஓர் எழுத்துக்காக அத்தனையையும் அழித்து எழுதுவது வீண் செலவாகத் தெரிகிறது. ஆனால் தப்பான பக்கத்தைத் திருத்துவதோடு ஒப்பிட்டால் இது மலிவு.

டாம் இல்லாத பாக்டீரியாவில் திடீர்மாற்றங்கள் கூடுகின்றன. டாம் அளவுக்கு மேல் இருந்தாலும் கூடுகின்றன; பொட்டு சீக்கிரம் விழுந்துவிடுவதால் புது இழையும் பழசு போலத் தெரிகிறது. இந்த அணியைப் பிரித்தெடுத்து, சுத்தமான புரதங்களை மட்டும் சோதனைக் குழாயில் சேர்த்து 1989ஆம் ஆண்டு மறுபடி ஓட்டிக் காட்டியது பால் மோட்ரிச்சின் குழு. அவரும் சன்ஜாரும் டோமஸ் லிண்டாலும் 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: பொட்டு முறை ஈ. கோலிக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் உரியது. பெரும்பாலான பாக்டீரியாக்களில் மியூட்-ஹெச்சே கிடையாது. மனிதர்களிடமும் கிடையாது. மியூட்-எஸ், மியூட்-எல் ஆகியவற்றின் உறவினர்கள் மட்டும் நம்மிடம் இருக்கிறார்கள்.

சுருக்கமாக: சேதம் என்றால் கெட்டது எது என்று பார்த்தாலே தெரியும். பிழை என்றால் எது புதுசு என்று கேட்டாக வேண்டும்.

இரண்டு இழையும் அறுந்தால்

அப்போது எதிர் இழை உதவாது. அறுந்த முனையில் ரெக்-பிசிடி ஏறுகிறது. இங்கே மூன்று எழுத்தும் ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது, இது உண்மையிலேயே மூன்று புரதங்கள் பூட்டிய இயந்திரம்! பெயரைப் பார்த்து எதையும் ஊகிக்காதீர்கள். முனையிலிருந்து இழைகளைப் பிரித்துத் தின்றுகொண்டே போகும் இது, "கை" என்ற கிரேக்க எழுத்தின் பெயரால் அழைக்கப்படும் ஓர் எட்டெழுத்து வரிசையைச் சந்தித்ததும் நடத்தையை மாற்றிக்கொண்டு, ஓர் இழையை மட்டும் மிச்சம் வைக்கிறது. அந்த ஒற்றை இழையைச் சுற்றி ரெக்-ஏ புரதங்கள் வரிசையாக அடுக்கி ஒரு நீண்ட உறை போல ஆகின்றன. அந்த உறை, செல்லில் இருக்கும் இன்னொரு முழு நகலில் ஒத்த வரிசையைத் தேடிப் பிடிக்கிறது. அதைப் பார்த்து அறுந்த இடம் நிரப்பப்படுகிறது.

அபாய மணி யார் அடிக்கிறார்?

சேதம் கட்டுக்கடங்காமல் போனால் பாக்டீரியா எஸ்ஓஎஸ் என்ற அவசர நிலைக்குப் போகிறது. இதைப் பற்றித்தான் அதிகமாகக் கதை கட்டுகிறார்கள்: பாக்டீரியா மருந்தை எதிர்ப்பதற்காக வேண்டுமென்றே திடீர்மாற்றங்களை உண்டாக்குகிறது என்று. நடப்பது என்னவென்று பாருங்கள்.

சாதாரண நாளில் லெக்ஸ்-ஏ என்ற புரதம் சுமார் 40 மரபணுக்களின் வாசலில் உட்கார்ந்து, அவை படிக்கப்படாமல் அடக்கி வைத்திருக்கிறது. முழுமையாக அல்ல, யுவிஆர்-ஏ, பி போன்றவை கொஞ்சம் எப்போதும் தயாராகிக்கொண்டிருக்கும். நகலெடுப்பு ஆங்காங்கே தடைபட்டால் ஒற்றை இழைப் பகுதிகள் பெருகும். அவற்றின் மேல் ரெக்-ஏ உறை போடும். அந்த உறையில் மோதும் லெக்ஸ்-ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. ஆம், ரெக்-ஏ அதை வெட்டுவதில்லை. வெட்டிக்கொள்ளத் தூண்டும் வடிவத்தைத் தருகிறது, அவ்வளவுதான். லெக்ஸ்-ஏ குறையக் குறைய அடங்கிக் கிடந்த மரபணுக்கள் திறக்கின்றன. யுவிஆர்-ஏ, பி, டி பெருகுகின்றன. செல் பிரிவதை நிறுத்தும் புரதம் ஒன்று வருகிறது.

எல்லோருக்கும் கடைசியில்தான் பாலிமரேஸ் 5 தலைகாட்டுகிறது. படிக்கவே முடியாத கறைக்கு எதிரில் ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுவிட்டுத் தாண்டிப் போகும் நொதி அது. தப்பு நிறைய செய்யும். அந்தத் தப்புகளில் ஒன்று எப்போதாவது மருந்தை எதிர்க்கும் மரபணுவில் விழலாம், விழுந்தால் அந்தச் செல் பிழைத்துப் பெருகும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் டிஎன்ஏவை அறுப்பதால் இந்த நிலையைத் தூண்டுவதும் உண்மை. ஆனால் பாலிமரேஸ் 5க்கு இலக்கு கிடையாது. துல்லியமான ஆட்கள் முதலில் முயன்று, முடியாமல் போன இடத்தில் நகலெடுப்பு அப்படியே நின்றால் செல் சாகும். தப்பாகவாவது தாண்டினால் பிழைக்கலாம். அதற்குத்தான் அது.

மணியை அடித்தவர் யாரும் இல்லை என்றால் நிறுத்துகிறவரும் இருக்க முடியாது. பள்ளங்கள் நிரம்ப நிரம்ப ஒற்றை இழை குறைகிறது. ரெக்-ஏ உறைகள் கலைகின்றன. லெக்ஸ்-ஏவுக்கு மோத இடமில்லை. அது தயாராகிக்கொண்டேதான் இருக்கிறது, இப்போது வெட்டுப்படாமல் சேர்கிறது. சேர்ந்து, அந்த 40 மரபணுக்களின் வாசலில் மறுபடி போய் உட்காருகிறது. லெக்ஸ்-ஏவைத் தயாரிக்கும் மரபணுவும் அந்த 40இல் ஒன்று. அதன் வாசலிலும் அதுவே உட்கார்ந்துகொள்கிறது.